சமுதாயக் கல்லூரியை முடித்துவிட்டேன். விவசாயிகளுக்காகப் பேசும் பணிக்கு எந்த வழியில் போவது?

#1 – ஈரமண்

அனைவருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவின் துலாரே கவுண்டியில் வசிக்கிறேன், வயது இருபத்திரண்டு. இந்த மே மாதம் இங்குள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் வேளாண் வணிகத்தில் அசோசியேட் பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்) பெற்றேன். அப்பா ஒரு பால்பண்ணையில் கறவை இயந்திரங்களைப் பராமரிக்கிறார். நான் மூன்று பருவங்கள் ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் தரம் பிரிக்கும் வரிசையில் நின்று, படிப்புச் செலவில் ஒரு பங்கை ஈட்டினேன்.

இங்கே 'அட்வகசி' என்று சொல்லும் பணிக்குப் போக விரும்புகிறேன். வீட்டில் இதைச் சொன்னால் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாயா என்கிறார்கள். அதுவன்று, சட்டமும் விதியும் எழுதப்படும் இடத்தில், அவை எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே, சிறு விவசாயிகளின் சார்பாகப் பேசுகிற வேலை அது. பத்து ஆண்டுகளுக்குள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் என் சொல்லைக் கேட்டு ஒரு மசோதாவில் ஒரு வரியாவது மாற வேண்டும் என்பது என் ஆசை. ஆசை சற்றுப் பெரியது என்பது எனக்கும் தெரியும்.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு விளைபொருள் அமைப்பு 'தகவல்தொடர்பு உதவியாளர்' என்ற முழுநேர வேலையைத் தர முன்வந்திருக்கிறது. மற்றொன்று, பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி இளங்கலையை முடிப்பது. எதை எடுப்பது என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கேட்பதற்கு முன், அண்மையில் பட்ட ஓர் அவமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி நிலத்தடி நீர் முகமையின் வாரியக் கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்கள் கருத்துக்கு ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். மேடைக்குக் கீழே ஒரு சிறு விளக்குப் பெட்டி: பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் வாரியத்துக்கு நன்றி சொல்லி, என் குடும்பத்தைப் பற்றிச் சொல்லி, சிறு விவசாயிகள் இந்தப் பள்ளத்தாக்கின் முதுகெலும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே மஞ்சள் எரிந்தது. அவசரத்தில், "ஆண்டுக்கு 2 ஏக்கர்-அடிக்கு மேல் இறைக்காத சிறு விவசாயிகளுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது, அதை மதியுங்கள்" என்றேன். (ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரின் அளவு.) முகமையின் வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புன்னகைத்தார். "ஆகவே" என்று தொடங்கினேன், சிவப்பு எரிந்தது. அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

#2 – கரும்பலகை

வாழ்த்துகள், தங்கையே. நான் வேறொரு மாவட்டத்தில் சமுதாயக் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். ஆகையால் டிரான்ஸ்ஃபர் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்து, அதில் 'டிரான்ஸ்ஃபருக்கான' அசோசியேட் பட்டம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, 60 செமஸ்டர் யூனிட்டுகளைக் கொண்ட அந்தப் பட்டத்தை முடித்தவருக்குக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி. அமைப்பில்தான் உறுதி, நீங்கள் விரும்பும் வளாகத்தில் என்று சட்டம் சொல்லவில்லை. அதே துறையின் பெயரில் கல்லூரிகள் தரும் உள்ளூர்ப் பட்டத்துக்கு இந்த உறுதி கிடையாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு என்னிடம் வந்து திகைத்து நின்ற மாணவர்கள் உண்டு. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

ஃபிரெஸ்னோ, சிகோ, சான் லூயிஸ் ஒபிஸ்போ ஆகிய மூன்று வளாகங்களிலும் வேளாண் படிப்புகள் வலுவானவை. ஃபிரெஸ்னோ என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது சிறிய விஷயமன்று. கூட்டாட்சி அரசு தரும் பெல் உதவித்தொகையின் உச்ச அளவு இப்போது ஆண்டுக்கு 7,395 டாலர்; வாழ்நாளில் மொத்தம் 12 முழுநேர செமஸ்டர்களுக்குத்தான் கிடைக்கும். இடைவெளி விடுவதால் அந்தக் கணக்குக் குறையாது. ஆனால் 'ஓராண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறேன்' என்று போனவர்களில் திரும்பி வந்தவர்களை என் விரல்களாலேயே எண்ணிவிடலாம்.

#3 – பாதாம்தோப்பு

நான் இதே கவுண்டியில் நாற்பது ஏக்கர் பாதாம் வைத்திருக்கிறேன். படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எனக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தொப்பியைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு மரத்தில் கைவைத்து நிற்கச் சொன்னார், நின்றேன். வெள்ளை வேனில் ஏறிப் போய்விட்டார். என் கிணறு எத்தனை அடி ஆழம், பம்பை எத்தனை முறை இறக்கிப் போட்டேன், கோடையில் மின்கட்டணம் என்ன வருகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் படம் மட்டும் ஒரு சிற்றேட்டின் அட்டையில் வந்தது. கீழே 'நமது விவசாயிகள்' என்று போட்டிருந்தார்கள்.

நீங்கள் சொல்லும் 2 ஏக்கர்-அடி எனக்கும் சிரிப்பை வரவழைத்தது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஏக்கர் பாதாம் இந்த வெயிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 ஏக்கர்-அடி வரை குடிக்கும். 2 ஏக்கர்-அடியை வைத்துக்கொண்டு நான் ஒரு ஏக்கரைக்கூடக் காப்பாற்ற முடியாது.

#4 – கூலிக்கணக்கு

இழையின் தலைப்பில் 'விவசாயிகளுக்காக' என்று இருக்கிறது. யார் விவசாயி என்பதை ஈரமண் முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பேன். நிலத்தின் உரிமையாளரா, அந்த நிலத்தில் குனிந்து நிற்பவரா?

இந்த நாட்டில் இவ்விரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாக இருந்ததே இல்லை. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரைப் பெயர் சொல்லி விலக்கியது. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் அவர்கள் வெளியே நின்றார்கள். 1966இல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்சக் கூலி எட்டியது. மிகைநேரக் கூலி கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றுவரை இல்லை. 1962இல் இதே பள்ளத்தாக்கில் சேசர் சாவேஸும் டொலோரஸ் ஹுவெர்டாவும் பண்ணைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும், 1975இல் கலிஃபோர்னியா தனக்கென வேளாண் தொழிலாளர் உறவுச் சட்டம் இயற்றியதும் அந்த ஓட்டையை அடைக்கத்தான். ஹுவெர்டா சாக்ரமென்டோவின் தாழ்வாரங்களில் நடந்து நடந்து வேலை பார்த்தவர். அதற்கு முன் பள்ளி ஆசிரியை. நீங்கள் சொல்லும் 'அட்வகசி'க்கு அவரைவிட நல்ல முன்னோடி யார்?

பேக்கிங் ஷெட்டில் மூன்று பருவம் நின்றவர் நீங்கள். உங்கள் அறிமுகத்தில் அது ஒரே வாக்கியமாக வந்து போகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

#5 – பாதாம்தோப்பு

கூலிக்கணக்கு அவர்களுக்கு: 2016இல் நிறைவேறிய மாநிலச் சட்டப்படி, இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல் வேலைக்கு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களும் 2025 தொடக்கத்திலிருந்து நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி தருகிறோம். முன்பு அது பத்து மணி நேரத்துக்குப் பிறகுதான். நான் தர மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேரத்தோடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவருக்கும் வாரக்கூலி குறைகிறது, எனக்கும் மரங்களை உலுக்கி அறுவடை செய்யும் பருவத்தில் வேலை பின்தங்குகிறது. இதையும் யாராவது சாக்ரமென்டோவில் சொல்ல வேண்டாமா?

#6 – கூலிக்கணக்கு

சொல்லலாம், அதைச் சொல்ல ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், சம்பளத்துடன்.

#7 – வரப்போரம்

இருவரும் சற்றுப் பொறுங்கள். நான் சாக்ரமென்டோவில் ஒரு சட்டமன்ற அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஊழியராக இருந்துவிட்டு, இப்போது ஒதுங்கியிருக்கிறேன். ஈரமண், உங்களுக்கு நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புன்னகை. மாநிலத்தின் நிலைத்த நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் 2014 செப்டம்பரில் கையெழுத்தானது. அதில் ஆண்டுக்கு 2 ஏக்கர்-அடி என்ற வரம்பு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் வரையறையை முழுதாகப் படித்தால், 'வீட்டு உபயோகத்துக்காக' 2 ஏக்கர்-அடியோ அதற்குக் குறைவாகவோ இறைப்பவர் என்றுதான் எழுதியிருக்கிறது. பயிருக்கு இறைப்பவர் அரை ஏக்கர்-அடி இறைத்தாலும் அந்த விலக்குக்குள் வரமாட்டார். நீங்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டீர்கள். வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தது, உங்களுக்குப் பதில் எழுத வேண்டிய தேவை இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டதால். இந்தத் தொழிலில் கோபமான முகத்தைவிட அந்தப் பேனாவைக் கண்டு அஞ்ச வேண்டும்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் முதல் ஆண்டில் செய்த தவறுகளை இங்கே எழுதினால் இழையின் திசையே மாறிவிடும். ஆனால் பாடம் பெரியது. நீங்கள் கேட்ட கேள்வி 'வேலையா, பட்டமா' என்பது. எதிரில் இருப்பவரைப் பேனாவை எடுக்க வைக்கும் அளவுக்கு ஏதேனும் ஒரு விதியை அடிவரை தெரிந்துவைத்திருக்கிறீர்களா என்பதுதான் அதற்கு முந்திய கேள்வி. அப்படித் தெரிந்த இருபத்திரண்டு வயதுக்காரரை எவரும் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை.

சட்டமன்றக் குழு விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு மசோதாவுக்கு ஆதரவாக இரண்டு முதன்மைச் சாட்சிகள், எதிர்ப்பாக இரண்டு. ஒவ்வொருவருக்கும் வழக்கமாக இரண்டு நிமிடம். உங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிடம் அங்கே செல்வச் செழிப்பு! மற்ற அனைவரும் வரிசையில் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான்கு மணி நேரம் பேருந்தில் வந்தவர் நான்கு நொடி பேசிவிட்டுத் திரும்பும் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். புதியவர்கள் அந்த வரிசைதான் அட்வகசி என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு மசோதாவுக்கும் குழுவின் ஆலோசகர் ஓர் ஆய்வுக்குறிப்பு எழுதுவார். உறுப்பினர்கள் பெரும்பாலும் படித்துவிட்டு வருவது அதைத்தான். அதன் கடைசிப் பக்கத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்று அமைப்புகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் பெயர் வருவது எளிது. குறிப்பின் உடலுக்குள், 'இந்தப் பிரிவு இப்படி இருந்தால் இந்தக் கவுண்டியில் இன்னாருக்கு இன்னது நேரும்' என்று ஒரு பத்தி வரவைப்பதுதான் கைத்திறன். அந்த ஆலோசகருக்கு நேரம் இல்லை. கிணற்றின் ஆழத்தையும் மின்கட்டணத்தையும் எவராவது சரிபார்த்துத் தந்தால் நன்றியோடு எடுத்துக்கொள்வார். பாதாம்தோப்பு ஐயாவிடம் அந்த இளைஞர் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளும்தான் அந்தப் பத்தி.

அடுத்து, அந்த வேலை. சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது? பல விளைபொருள்களில் விற்பனையின்போதே சட்டப்படி கட்டாயமாக ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. மாட்டிறைச்சிக்கு ஒரு மாட்டுக்கு ஒரு டாலர் என்பது பலரும் அறிந்தது. இதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல், அந்தப் பணத்தில் செய்யப்படும் விளம்பரம் அரசின் பேச்சே என்று தீர்ப்பளித்தது. அந்தப் பணத்தைக் கொண்டு அரசின் கொள்கையை மாற்ற முயலக் கூடாது என்பது விதி. ஆகவே அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் பாதாமின் நன்மைகளைப் பற்றி அழகான காணொளிகள் எடுக்கலாம். மசோதாவைப் பற்றி ஒரு சொல் பேச முடியாது. அது கௌரவமான வேலைதான், ஆனால் நீங்கள் கேட்ட வேலை அன்று.

கொசுறாக ஒன்று. வருமான வரிச் சட்டத்தில் 501சி5 என்ற பிரிவு இருக்கிறது. தொழிலாளர் சங்கங்களுக்கும் வேளாண் அமைப்புகளுக்கும் அதே ஒரு பிரிவில்தான் வரிவிலக்கு. கூலிக்கணக்கும் பாதாம்தோப்பும் வேறெங்கும் ஒரே கூரையின்கீழ் உட்காராவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். 501சி3 வகை அறக்கட்டளைகளிலோ லாபி செய்வதற்கு (சட்டம் இயற்றுவோரை அணுகி ஆதரவோ மாற்றமோ கோருவதற்கு) அளவு உண்டு. வேலைக்குப் போகும் அமைப்பு எந்த வகை என்று பார்த்துக்கொண்டால், எதைப் பேசலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கூலிக்கணக்கின் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மிகைநேரக் கூலி விசாரணையில் நீங்கள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. நிற்க முயன்றால் இரு தரப்பும் உங்களை நம்பாது. ஆனால் தண்ணீரில் நிலைமை வேறு. 2014இல் கிழக்குப் போர்ட்டர்வில்லில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் வற்றியபோது, வற்றியவை பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்களின் ஆழமில்லாத கிணறுகள். சிறு விவசாயிகள் பலரின் கிணறுகளும் ஆழம் குறைந்தவைதான். முகமைகள் வேளாண் பயனாளர், வீட்டுக் கிணற்று உரிமையாளர், பின்தங்கிய சமூகங்கள் ஆகிய எல்லோரின் நலனையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2014 சட்டமே சொல்கிறது. உங்கள் வயதில் நான் இருந்தால் அந்த ஒரு வரியின்மேல் காலூன்றி நிற்பேன்.

#8 – வழிப்போக்கன்

இவ்வளவு ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? நேராக வாஷிங்டன் போய் ஃபார்ம் பில் (கூட்டாட்சியின் பெரிய வேளாண், உணவு உதவிச் சட்டம்) வேலையில் சேரட்டும். பணமும் அதிகாரமும் அங்கேதான் இருக்கின்றன.

#9 – வரப்போரம்

இருக்கின்றன, காத்திருப்பும் இருக்கிறது. 1933இல் தொடங்கிய அந்தச் சட்டவரிசை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. 2018இல் நிறைவேறியது 2023 செப்டம்பரில் காலாவதியானது. அதன் பிறகு புதிய முழுச்சட்டத்துக்குப் பதிலாக நீட்டிப்பின்மேல் நீட்டிப்பு. அதன் செலவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உணவு உதவிக்குப் போகிறது என்பதால், சண்டையும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. தொடக்க நிலையில் சேருகிறவர் இரண்டு ஆண்டுகள் தொலைபேசியை எடுத்துவிட்டு, எதுவும் நிறைவேறுவதைப் பார்க்காமலேயே ஊர் திரும்பவும் கூடும். உள்ளூர் முகமையில் அப்படியில்லை. கலிஃபோர்னியாவின் 1953ஆம் ஆண்டுப் பிரவுன் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட்டாக வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளி கிடையாது.

#10 – ஈரமண்

வரப்போரம் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த வரையறையை எடுத்துப் படித்தேன். 'வீட்டு உபயோகத்துக்காக' என்ற சொற்கள் நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த வரியிலேயே இருந்தன. என் கோடு அவற்றைத் தாண்டி எண்ணுக்குக் கீழே தொடங்கியிருந்தது.

அந்த அமைப்பையும் கேட்டேன். நேர்காணல் செய்தவர் நேர்மையானவர். சம்பளம் கட்டாய வசூல் பணத்திலிருந்துதான், கொள்கையைப் பற்றி எழுதுவது இந்தப் பதவியில் வராது என்றார். மறுத்துவிட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. என் பட்டம் டிரான்ஸ்ஃபருக்கானதுதான் என்பதையும் உறுதி செய்துகொண்டேன், கரும்பலகை ஐயா.

கூலிக்கணக்கு அவர்களுக்கு ஒரு விளக்கம். பேக்கிங் ஷெட்டை ஒரே வாக்கியத்தில் கடந்தது, அதைச் சொன்னால் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள் என்ற பயத்தால்தான். என் வரிசையில் நின்ற மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான மிஷ்டெக் பேசும் அக்கா ஒருவர் வீட்டில் குழாயைத் திறந்தால் மணல் வருகிறது என்பார். நான் அதை நீர் முகமையோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

#11 – கூலிக்கணக்கு

அந்த அக்கா வாரியக் கூட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு என்றால் வர முடியாது என்பதையும் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#12 – ஈரமண்

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஃபிரெஸ்னோவில் இந்தப் பருவத்தில் சேர்கிறேன். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், வீட்டுக் கிணறுகளைப் பற்றி வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பில் பகுதிநேரப் பணியும் கிடைத்திருக்கிறது. சம்பளம் ஷெட்டைவிடக் குறைவு.

இதற்கிடையில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் கீரையும் எலுமிச்சைப்புல்லும் பயிரிடும், தென்கிழக்கு ஆசியாவின் மோங் இனத்தைச் சேர்ந்த ஒரு தாத்தா, பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த ஓர் உறையை என்னிடம் காட்டினார். விளம்பரம் என்று நினைத்துத் திறக்கவே இல்லையாம். உள்ளே, முகமை புதிய கட்டணம் விதிக்கப் போகிறது, ஏக்கர் கணக்கில், இறைக்கும் அளவைப் பார்க்காமல், என்ற அறிவிப்பு இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில்: 1996ஆம் ஆண்டில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி 45 நாளுக்குப் பிறகு விசாரணை, பார்சல்களின் (தனித்தனி எண் கொண்ட நிலத்துண்டுகளின்) உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தால் கட்டணம் விதிக்க முடியாது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு எழுதியிருக்கிறேன். பேசிப் பார்த்ததில் ஒரு நிமிடம் ஐம்பது நொடி வருகிறது. இப்படித் தொடங்குகிறேன்: "நிகழ்ச்சி நிரலின் ஏழாம் பொருள் பற்றி. கட்டணத்தை ஏக்கருக்கு என்பதற்குப் பதிலாக இறைக்கும் ஏக்கர்-அடிக்கு என்று மாற்றும்படி கேட்கிறேன். தரிசாகக் கிடக்கும் நிலமும், ஆண்டு முழுவதும் இறைக்கும் நிலமும் இப்போதைய வரைவில் ஒரே தொகை கட்டுகின்றன. அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பப்பட்டிருப்பதால், அதை ஸ்பானிஷிலும் மோங்கிலும் மீண்டும் அனுப்பி, விசாரணையை மாலை ஆறு மணிக்கு வைக்கும்படியும் கேட்கிறேன்." நன்றியும் குடும்பமும் முதுகெலும்பும் இல்லை. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

#13 – வரப்போரம்

நன்று. கேட்பதை முதல் இரண்டு வாக்கியங்களில் கேட்டுவிட்டீர்கள். இரண்டு விஷயங்கள் மட்டும்.

அறிவிப்பை மறுபடியும் எடுத்து, அதில் 'கட்டணம்' என்று இருக்கிறதா, 'அசெஸ்மென்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் என்றால் ஒரு பார்சலுக்கு ஓர் எதிர்ப்பு. தாத்தாவின் மூன்று ஏக்கரும் நூற்றறுபது ஏக்கர் பார்சலும் எண்ணிக்கையில் சமம். அசெஸ்மென்ட் என்றால் வாக்குச்சீட்டு வரும், கட்ட வேண்டிய தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு சீட்டுக்கும் எடை உண்டு. அங்கே பெரிய நிலம்தான் வெல்லும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகைதான் என்று தோன்றுகிறது. தோன்றுவதை வைத்து வாரியத்தில் பேசக் கூடாது.

இரண்டாவது, இறைக்கும் அளவின்படி என்று கேட்டால், "எப்படி அளப்பது?" என்று அந்த வழக்கறிஞர் திருப்பிக் கேட்பார். மீட்டர் மட்டுமன்று, செயற்கைக்கோள் படங்களிலிருந்து பயிரின் நீராவிப்போக்கைக் கணக்கிட்டு மதிப்பிடும் முறையைச் சில முகமைகள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. அந்தப் பதிலைக் கையில் வைத்திருங்கள்; அவர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

#14 – ஈரமண்

பார்த்துவிட்டேன், அக்கா. 'கட்டணம்' என்றுதான் இருக்கிறது. விசாரணை ஆகஸ்ட் மூன்றாம் வாரம்.

#15 – பாதாம்தோப்பு

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் இங்கே பாதாம் உலுக்கும் வாரம். மாலை ஆறு மணிக்கு வைத்தாலும் என்னைப் போன்றவர்களில் ஒருவரும் வரமாட்டார். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர் அதை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போவாரா? எதிர்ப்பை எழுத்தில் தரலாம் என்றுதானே இருக்கிறது? அப்படியானால் நேரத்தை மாற்றக் கேட்பதைவிட, உலுக்குவதற்கு முன் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்குவதுதான் வேலை. பார்சல் எண் சொத்து வரிச் சீட்டில் இருக்கும், அதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

என்னுடையவை இரண்டு பார்சல்கள். கிழக்குப் பக்கத்துப் பம்பை வைத்துப் பார்த்தால் உங்கள் கணக்கில் எனக்குக் கட்டணம் கூடும் என்று நினைக்கிறேன், ஆகையால் உடனே கையெழுத்துப் போடுவேன் என்று எண்ண வேண்டாம்; கிணற்றின் ஆழமும் மின்கட்டணச் சீட்டுகளும் எடுத்து வைக்கிறேன், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வியாழக்கிழமை நான்கு மணிக்குமேல் வாருங்கள். நாய் குரைக்கும், கடிக்காது.

#16 – ஈரமண்

வியாழக்கிழமை வருகிறேன், ஐயா. கால்குலேட்டரும் கொண்டுவருகிறேன்.